ஒசாகா கோட்டையும் அதன் பூங்காவும்: 15 லட்சம் யென்னுக்கு நகரம் எதை வாங்கியது?

ஜப்பானின் ஒசாகா நகரத்து மக்கள், தங்கள் கோட்டையின் தலைமைக் கோபுரத்தை மீண்டும் எழுப்புவதற்கென்று 1928-க்குப் பிறகு 15 லட்சம் யென் நன்கொடை கொடுத்தார்கள். அந்தத் தொகையில் கோபுரத்துக்குச் செலவானது ஏறத்தாழ 4,71,000 யென். தரைப்படையின் நான்காம் டிவிஷனுக்குப் புதிய தலைமையகம் கட்ட 8,00,000 யென் போயிற்று. எஞ்சிய சுமார் 2,30,000 யென்னில் பூங்கா அமைந்தது. கோட்டைக்கென்று திரட்டிய பணத்தில் பாதிக்கும் மேலானதை, அந்தக் கோட்டையைக் கைவசம் வைத்திருந்த படைக்கே கட்டடமாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

இன்று ஒசாகா கோட்டையைப் பற்றி எழும் பேச்சு பெரும்பாலும் அந்தக் கோபுரம் உண்மையானதா, போலியா என்பதைச் சுற்றியே நிற்கிறது. கான்கிரீட்டால் கட்டப்பட்டு மின்தூக்கி வைத்த ஒன்றைக் கோட்டை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் ஜப்பானிலேயே பலர் உண்டு. அந்தக் கேள்வியைவிட, 105.6 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடம் யார் யார் கையிலிருந்து என்ன விலைக்குப் பொதுமக்களிடம் வந்தது என்ற கேள்வி பயனுள்ளது என்று நினைக்கிறேன். இந்த ஆய்வு அந்தக் கேள்வியின் வழியே செல்கிறது.

மண்ணுக்குள் ஒரு கோட்டை, மண்ணுக்கு மேல் ஒரு கோட்டை

ஒசாகாவின் உவேமாச்சி மேட்டின் வடமுனையில் இஷியாமா ஹொங்கன்ஜி என்ற பௌத்த மடம் தனி அரசுபோல் இருந்து, 1580-இல் எரிந்து அழிந்தது. அந்த இடத்தில்தான் தொயோதோமி ஹிதேயோஷி 1583-இல் தன் கோட்டையைத் தொடங்கினார். நாட்டை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த அவர் 1598-இல் இறந்தார். அதன்பின் அதிகாரம் தொக்குகாவா குடும்பத்திடம் நகர்ந்தது. 1614 குளிர்காலப் போரின் முடிவில் ஏற்பட்ட சமாதானத்தின் பெயரால் வெளி அகழிகள் தூர்க்கப்பட்டன. அடுத்த கோடையில் கோட்டை வீழ்ந்து, ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரியும் அவர் தாயும் அங்கேயே மாண்டார்கள்.

வென்றவர்கள் அந்தக் கோட்டையைச் சீர்செய்து குடிபுகவில்லை. அதை மண்ணால் மூடினார்கள். 1620 முதல் 1629 வரை, அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றரசர்களைத் தத்தம் செலவில் வேலை செய்ய வைத்து, தொக்குகாவா ஆட்சி பழைய மதில்களின் மேல் பல மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி, அதன்மேல் முற்றிலும் புதிய கோட்டையைக் கட்டியது. தோற்ற குடும்பத்தின் நினைவு கண்ணில் படாமல் செய்வதும், சிற்றரசர்களின் கருவூலத்தைக் காலி செய்வதும் ஒரே வேலையில் நிறைவேறின. இன்று பூங்காவில் நடப்பவர் காணும் அகழிகள், மதில்கள், வாயில்கள் எல்லாம் இந்த இரண்டாவது கோட்டைக்கு உரியவை.

அந்தச் சிற்றரசர்களின் போட்டியைக் கல்லிலேயே பார்க்கலாம். உள்கோட்டையின் சகுரா வாயிலுக்குள் நுழைந்தவுடன் எதிரே நிற்கும் ‘தாக்கோ-இஷி’, அதாவது ஆக்டோபஸ் கல், 59.43 சதுர மீட்டர் முகப்பு கொண்ட ஒற்றைக் கருங்கல். அதன் எடை 108 டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஒகாயாமாவின் இக்கேதா குடும்பம் அதை உள்நாட்டுக் கடலின் இனுஜிமா தீவிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. முகத்தில் அகன்று கிடந்தாலும் அது தடிமனான கல் இல்லை; பாறையிலிருந்து பலகைபோல் பிளந்தெடுத்த ஒன்று. எதிரியைத் தடுக்க இத்தனை பெரிய கல் தேவையில்லை. உள்ளே வருபவரை ஒரு கணம் நிற்க வைக்கத் தேவைப்பட்டது, நானூறு ஆண்டுகளாக அந்த வேலையை அது சரியாகச் செய்துவருகிறது.

இரண்டாவது கோட்டையின் தலைமைக் கோபுரம் 1626-இல் எழுந்து, 1665-இல் மின்னல் தாக்கி எரிந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1660-இல், ஒரு வெடிமருந்துக் கிடங்கு மின்னலால் வெடித்திருந்தது. 1685-இல் தரை, சுவர், கூரை அனைத்தையும் கல்லால் கட்டிய வெடிமருந்து அறை அந்தப் பட்டறிவின் விளைவு. அது இன்றும் நிற்கிறது. கோபுரத்தை மட்டும் யாரும் மறுபடி கட்டவில்லை. 1868-இல் ஆட்சி மாற்றப் போரின்போது உள்கோட்டை அரண்மனையும் எரிந்தது. ஆக, கோபுரம் உள்ள ஒசாகா கோட்டை என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படம், 1665-க்கும் 1931-க்கும் இடைப்பட்ட 266 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத ஒன்று.

படையின் கையில்

1868-இல் அமைந்த புதிய மெய்ஜி அரசு கோட்டையைத் தரைப்படைக்குக் கொடுத்தது. 1870-இல் கோட்டையின் கிழக்கே ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியது. அது வளர்ந்து ஆசியாவின் மிகப் பெரிய படைக்கலச் சாலைகளுள் ஒன்றானது. உள்கோட்டையில் டிவிஷன் தலைமையகம் அமர்ந்தது. வக்கயாமா கோட்டையிலிருந்து 1885-இல் பெயர்த்துக் கொண்டுவந்த அரண்மனைக் கட்டடம் ஒன்றை அதற்குப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் காலத்திலும் கோட்டையிலிருந்து ஒரு பொது நன்மை வெளியே வந்தது, அதுவும் குழாய் வழியாக. ஒசாகாவின் நவீன குடிநீர் வழங்கல் 1895-இல் தொடங்கியபோது, நகரின் உயர்ந்த இடமான உள்கோட்டையில்தான் நீர்த்தேக்கத்தை அமைத்தார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் தானே இறங்கி ஊருக்குள் பாயும் என்பதே காரணம். மக்கள் கோட்டைக்குள் கால் வைப்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே கோட்டையின் தண்ணீர் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு பேரம்

1920-களின் ஒசாகா பணமும் தன்னம்பிக்கையும் மிக்க நகரம். பருத்தி ஆலைகளும் வணிகமும் கொழித்தன. 1925-இல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்துக்கொண்டபின், மக்கள் தொகையில் தோக்கியோ நகரத்தையே முந்தியது. 1923 முதல் 1935 வரை மேயராக இருந்த செக்கி ஹஜிமே, வணிகக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து நகர நிர்வாகத்துக்கு வந்தவர். மிதோசுஜி பெருஞ்சாலையை அகலப்படுத்தியதும், அதன் அடியில் 1933-இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலும் அவர் காலத்து வேலைகள். இத்தகைய மனிதர் ஒரு கோட்டைக் கோபுரத்தின் மீது ஆசைப்பட்டது ஏன் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

1928-இல் ஷோவா பேரரசரின் (ஹிரோஹிதோ) முடிசூட்டு விழாவை நினைவுகூரும் திட்டமாக அவர் இதை முன்வைத்தார். அந்த முகாந்திரத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நகரத்துக்கு ஒரு பெரிய மையப் பூங்கா தேவை. அதற்கேற்ற இடம் படையிடம் இருக்கிறது. நகராட்சி பூங்கா கேட்டால் படை இடம் தரப்போவதில்லை. பேரரசரின் பெயரால், நாட்டை ஒன்றிணைத்த வீரர் ஹிதேயோஷியின் கோபுரத்தை மக்களே கட்டித் தருகிறோம் என்று வந்தால் மறுப்பது கடினம். ஆயினும் படை சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. உள்கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டுமானால், அங்குள்ள தலைமையகத்துக்குப் பதிலாக வேறொன்றை நகரம் கட்டித்தர வேண்டும் என்று முடிவாயிற்று.

நன்கொடை அரை ஆண்டு அளவில் இலக்கை எட்டியது. பெருவணிகக் குடும்பமான சுமிதோமோ மட்டும் 2,50,000 யென் கொடுத்தது. மீதி பல்லாயிரம் பேரிடமிருந்து சிறுசிறு தொகைகளாக வந்தது. உலகப் பொருளாதார மந்தம் ஜப்பானைத் தாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வேலை நடந்து, 1931 நவம்பரில் கோபுரமும் பூங்காவும் திறக்கப்பட்டன. படைக்குக் கட்டித்தந்த தலைமையகம் ஐரோப்பிய இடைக்காலக் கோட்டையின் சாயலில், கோபுரத்துக்கு எதிரே, அதே உள்கோட்டைக்குள் எழுந்தது. படை வெளியேறுவதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியாகாது. படை சற்று நகர்ந்து உட்காருவதற்குக் கொடுத்த பணம் அது.

கோபுரத்தின் வடிவம் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். வடிவமைப்பில் முன்னின்ற ஃபுருகாவா ஷிகேஹாருவுக்குத் துல்லியமான வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. 1615 போரைச் சித்திரிக்கும் மடிப்புத் திரை ஓவியம் ஒன்றில் ஹிதேயோஷியின் கோபுரம் காணப்படுகிறது. அதையே முதன்மைச் சான்றாகக் கொண்டார். எனினும் கோபுரம் நிற்கும் கல் அடித்தளம் தொக்குகாவா காலத்தது. கீழ் நான்கு நிலைகள் தொக்குகாவா பாணியில் வெண்சுதை பூசியவை; ஐந்தாம் நிலை மட்டும் கறுப்பில் பொன் புலிகளும் நாரைகளும் கொண்ட தொயோதோமி பாணி. வென்றவர் உடம்பில் தோற்றவர் தலையை வைத்ததுபோல் ஆன இந்தக் கலவையை வரலாற்றுப் பிழை என்று கறாராகச் சொல்லலாம். ஆனால் இதை அப்படியே பழையதன் நகல் என்று கட்டியவர்கள் கருதவில்லை. எஃகுச் சட்டமும் வலுவூட்டிய கான்கிரீட்டும் கொண்டு, எட்டுத் தளங்களோடு, தொடக்கத்திலிருந்தே மின்தூக்கி வைத்து, நகர அருங்காட்சியகமாகத்தான் கட்டினார்கள்.

இது நினைவில் இருந்திருந்தால் 2019 ஜூனில் நடந்த ஒரு சங்கடம் நேர்ந்திருக்காது. ஜி-20 மாநாட்டு விருந்தைக் கோட்டைப் பூங்காவிலுள்ள நிஷினோமாரு தோட்டத்தின் விருந்தினர் மாளிகையில் அளித்த அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே, கோபுரத்தைப் பழையபடியே மீட்டெடுத்தவர்கள் மின்தூக்கி வைத்தது ஒரு பெரும் தவறு என்னும் பொருளில் வேடிக்கையாகப் பேசினார். மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் மேலே செல்லும் வழியைத் தவறு என்பதா என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. அதோடு, அந்தப் பேச்சின் அடிப்படையான ‘பழையபடியே’ என்பதும் உண்மைக்குப் பொருந்தாது. நகோயா கோட்டையின் கான்கிரீட் கோபுரத்தை இடித்து மரத்தால் மீண்டும் கட்டும் திட்டத்திலும் இதே மின்தூக்கிதான் பல ஆண்டுகளாகச் சிக்கலாக இருக்கிறது.

1945 ஆகஸ்ட் 14

பூங்கா திறந்த சில ஆண்டுகளில் போர் வந்தது. கோபுரத்தில் ஏறினால் கிழக்கே ஆயுதத் தொழிற்சாலை தெரியும். போர் ஆண்டுகளில் பொதுமக்கள் ஏறுவது தடை செய்யப்பட்டது. ஜப்பான் சரணடைவதை அறிவிப்பதற்கு முந்தைய நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்று, சுமார் 150 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்து தொழிற்சாலையைத் தகர்த்தன. குறி தவறிய ஒரு டன் குண்டுகளுள் ஒன்று அருகிலிருந்த கியோபாஷி ரயில் நிலையத்தில் விழுந்தது. அங்கே மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கியிருந்தவர்களுள் பெயர் தெரிந்தவர்களே 200-க்கும் மேல் இறந்தார்கள். கோட்டையின் பழைய காவல்மாடங்கள் சிலவும் அழிந்தன. கோபுரம் தப்பியது, ஆனால் அடித்தளத்துக் கற்கள் இடம்பெயர்ந்தன. பெயர்ந்து நிற்கும் அந்தக் கற்களைக் கோபுரத்தின் வடகிழக்குப் பக்கத்தில் இன்றும் காணலாம்.

அமெரிக்கப் படை கோட்டையை எடுத்துக்கொண்டிருந்தபோது, 1947-இல் வக்கயாமா அரண்மனைக் கட்டடம் தீப்பிடித்து அழிந்தது. 1948-இல் இடம் நகரத்திடம் திரும்பி வந்தது. தொழிற்சாலை நிலமோ வெடிக்காத குண்டுகளும் உருக்குலைந்த இரும்புமாக நெடுங்காலம் கிடந்தது. 1950-களில் அருகே குடிசையிட்டு வாழ்ந்த ஏழைகள், அவர்களுள் பலர் கொரிய வம்சாவளியினர், இரவில் புகுந்து பழைய இரும்பை எடுத்து விற்றார்கள். நாளிதழ்கள் அவர்களுக்கு அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயரான ‘அப்பாச்சி’ என்பதைச் சூட்டின. பூங்காவின் கிழக்குப் பாதி இந்தப் பாழ்நிலத்திலிருந்து மெல்ல மெல்ல உருவானதுதான். இன்று பாட்டுக் கச்சேரிகள் நடக்கும் ஒசாகா-ஜோ ஹால் அரங்கு 1983-இல் அந்த மண்ணில் எழுந்தது. 1974-இல் திறந்த பிளம் தோப்பு, கித்தானோ உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் கொடுத்த மரங்களால் தொடங்கியது; குளிர் குறையாத பிப்ரவரியில் அங்கே பூக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைப் பார்க்கச் செர்ரிக் காலத்துக்கு நிகரான கூட்டம் வருகிறது. தொழிற்சாலையின் நினைவாக எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. 1919-இல் கட்டிய செங்கல் வேதியியல் ஆய்வுக்கூடம் அவற்றுள் ஒன்று. செங்கல்லால் ஆன தலைமைக் கட்டடம் 1981-இல் இடிக்கப்பட்டது. கோட்டையின் பதின்மூன்று பழைய கட்டடங்களை முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகக் காக்கிற நகரம், தன் வாழ்வில் இன்னும் நெருக்கமாக இருந்த தொழிற்சாலையை இத்தனை எளிதாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது.

பொது என்பதில் யார் யார்?

1990-களின் மந்தத்தில் வேலையிழந்த தினக்கூலித் தொழிலாளர்கள் பலர் பூங்காவின் மரங்களுக்கிடையே நீலத் தார்ப்பாய்க் கூடாரமிட்டுத் தங்கினார்கள். 2006 வசந்தத்தில் தேசிய நகரப் பசுமை விழா இந்தப் பூங்காவில் நடக்கவிருந்தது. அதற்கான ஏற்பாடுகளையும் சீரமைப்பு வேலைகளையும் காட்டி, அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று நகராட்சி இங்கும் நகரின் இன்னொரு பூங்காவான உத்சுபோவிலும் எஞ்சியிருந்த கூடாரங்களை வலுக்கட்டாயமாக அகற்றியது. பூங்காவில் எவரும் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது என்பது நகராட்சியின் வாதம். போக்கிடமின்றி நடுக்குளிரில் எங்கே அனுப்புகிறீர்கள் என்பது அவர்களுக்குத் துணை நின்றவர்களின் கேள்வி. சட்டம் நகராட்சியின் பக்கம் இருந்தது என்பதால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

2015 ஏப்ரலில் இன்னொரு பேரம் நடந்தது. பூங்கா முழுவதன் நிர்வாகத்தையும் 20 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் நகராட்சி ஒப்படைத்தது. முன்பெல்லாம் பராமரிப்புக்கு நகரம் செலவிடும்; புதிய ஏற்பாட்டில் கூட்டமைப்பு நகரத்துக்கு ஆண்டுதோறும் 22 கோடியே 60 லட்சம் யென்னும், வருவாயில் ஒரு பங்கும் செலுத்துகிறது. அதற்குக் கைம்மாறாகக் கடைகள், உணவகங்கள், நிகழ்ச்சிகள் நடத்தும் உரிமையைப் பெறுகிறது. ரயில் நிலையத்தை ஒட்டி ஜோ-டெரஸ் என்ற கடை வளாகம் 2017 ஜூனில் திறந்தது. 2019-இல் மூன்று நாடக அரங்குகள் வந்தன. இவற்றுக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது.

வருமானக் கணக்கில் இந்த ஏற்பாடு வெற்றிதான். 2017 நிதியாண்டில் கோபுரத்துக்குள் சென்றவர்கள் 27 லட்சத்தைத் தாண்டினார்கள். அகழியும் உள்கோட்டையும் உட்பட பூங்காவின் பெரும்பகுதி இன்றும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. காலையில் மதிலோரம் ஓடுபவர்களும் பெஞ்சில் அமர்ந்து பெட்டிச் சாப்பாடு சாப்பிடும் அலுவலர்களும் எவருக்கும் சீட்டுக் காட்ட வேண்டியதில்லை. என் ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டு வருவாயை வைத்து ஒரு பூங்கா அளக்கப்படும்போது, காசு ஈட்டாத ஒரு மரத்தடிக்காகப் பேச நிர்வாகத்துக்குள் யாருக்குக் காரணம் இருக்கும்? வெட்டப்பட்டவற்றுக்கு ஈடாக வேறு இடத்தில் நட்டோம் என்ற விடை, அந்த நிழலில் உட்கார்ந்து பழகியவருக்கு விடையாகாது.

எனினும் இந்த ஏற்பாட்டால் ஒரு நன்மை கண்கூடு. 1931-இல் படைக்காக மக்கள் கட்டித்தந்த அந்தத் தலைமையகம், போருக்குப் பின் காவல்துறை அலுவலகமாகவும், 1960 முதல் 2001 வரை நகர அருங்காட்சியகமாகவும் இருந்து, அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் வெறுமையாகக் கிடந்தது. 2017 அக்டோபரில் ‘மிராய்சா ஒசாகா-ஜோ’ என்ற பெயரில் உணவகமும் கடைகளும் கொண்ட இடமாகத் திறந்தார்கள். எட்டு லட்சம் யென் கொடுத்து 86 ஆண்டுகள் கழித்து, கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் மொட்டை மாடியில் அமர்ந்து தாத்தா பாட்டி கட்டிய கோபுரத்தைப் பார்க்கிறார்கள்.

கீழே இருப்பது

1959-இல் உள்கோட்டையில் துளையிட்டு ஆராய்ந்தபோது, ஏழு மீட்டருக்கும் ஆழத்தில் ஒரு கல் மதில் தட்டுப்பட்டது. தொக்குகாவா கோட்டையின் கற்கள் செதுக்கி இழைத்துப் பொருத்தியவை. இது செதுக்காத கற்களை அடுக்கிய மதில். ஹிதேயோஷியின் கோட்டை முற்றிலும் அழிந்துவிடவில்லை, புதைந்து கிடக்கிறது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அதுவரை இன்றைய மதில்களையே ஹிதேயோஷியின் கைவேலையாக நம்பியவர்கள் ஏராளம். 1984-இல் நீர் வழங்கல் பணியையொட்டி இன்னொரு பகுதியில் சுமார் ஆறு மீட்டர் உயர மதில் வெளிப்பட்டது. அதன் கற்களில் 1615 தீயின் சுவடு இருந்தது. வேறு கட்டடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த கற்களும் அதில் கலந்திருந்தன. பார்த்து, அளந்து, பதிவு செய்து, மறுபடி மூடினார்கள்.

அதை நிலையாகத் திறந்து காட்ட 2013-இல் நகரம் மீண்டும் நன்கொடை கேட்டது. இந்த முறை படைக்குப் பங்கு எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று தொயோதோமி கல்மதில் காட்சிக்கூடம் திறந்தது. அதே நாளில் கோபுரத்தின் கட்டணம் 600 யென்னிலிருந்து 1,200 யென்னாக உயர்ந்து, இரண்டுக்கும் ஒரே சீட்டு என்றாயிற்று. நடுநிலைப் பள்ளி வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கோபுரத்தில் மின்தூக்கி ஏறி ஊரைப் பார்த்துவிட்டு வருபவர், பக்கத்திலேயே படியிறங்கிச் சென்றால், நானூறு ஆண்டுகளுக்கு முன் கோட்டை வாசிகள் நடந்த தரைமட்டத்தில் நின்று, கருகிய அந்தக் கற்களை அண்ணாந்து பார்க்கலாம்.